விற்றவரின் பெயரையும் தேட விடுங்கள்

மாசசூசெட்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தாருக்கும், பிளிமத், பிரிஸ்டல், பார்ன்ஸ்டபிள், டியூக்ஸ், நான்டக்கெட் மாவட்டப் பத்திரப் பதிவாளர்களுக்கும்,

வணக்கம். நான் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களில் ஒருவன் அல்ல. உங்கள் மாநிலத்தில் குடியிருக்கும் தமிழன். பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தை ஓரளவு படிக்கப் பழகியவன் என்பதால், முன்னோரைத் தேடும் சிலர் பழைய கிரயப் பத்திரங்களின் படங்களை எனக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் தாய்ப்பத்திரம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம்கூட வாங்க மாட்டார்கள். அதே கண்ணோடுதான் இவற்றையும் பார்க்கிறேன். கேட்பது ஒன்றுதான்: நிலத்தை விற்ற பூர்வகுடியினர், சாட்சி போட்டவர்கள், பின்னால் ஆட்சேபித்தவர்கள் என எல்லோரையும் பெயரால் தேடக்கூடிய ஒரே பொது அட்டவணை வேண்டும்.

1649 பிரிட்ஜ்வாட்டர் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டக்ஸ்பரியில் குடியேறிய ஆங்கிலேயருக்காக மைல்ஸ் ஸ்டாண்டிஷும் இன்னும் இருவரும் வாங்குகிறார்கள். விற்பவர் உசமெக்வின், பாடநூல்கள் மாசசோயிட் என்று சொல்லும் அதே வாம்பனோவாக் தலைவர். சடக்கெட் ஆற்றில் மீன் பிடிக்கக் கட்டியிருந்த தடுப்பிலிருந்து நான்கு திசையிலும் ஏழேழு மைல். கணக்குப் போட்டால் 196 சதுர மைல். கிரயம்: 7 மேலங்கி, 9 கைக்கோடரி, 8 மண்வெட்டி, 20 கத்தி, 4 மூஸ் மான் தோல், பத்தரை கஜம் பருத்தித் துணி. துணியில் அரை கஜம்கூட விடுபடவில்லை. ஆனால் அந்தத் தடுப்பில் வருஷா வருஷம் மீன் பிடித்த குடும்பங்கள் எவை என்று ஒரு வரி கிடையாது. தலைவர் ஒருவரின் குறி போதும் என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குடும்பங்களின் பெயர் கிடைப்பதானால் வேறு இடத்தில்தான் கிடைக்கும்: பக்கத்து ஊரின் எல்லைத் தகராறில், ஒரு முறையீட்டில், மூன்றாவது சாட்சியின் கைநாட்டில். பொகாசெட்டின் தலைவி வீட்டமூ, தன் நிலத்தை வம்சுட்டா விற்றதாக 1662இல் பிளிமத் நீதிமன்றத்தில் முறையிட்டார். வம்சுட்டா உசமெக்வினின் மகன், வீட்டமூவின் கணவரும்கூட. இதே பெண் ஆவணங்களில் நமும்பம், டாடபானம் என்றெல்லாம் வருகிறார். மூன்றும் ஒருவரே என்று தெரியாதவர் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருப்பார். இப்போது அந்த முடிச்சை ஒவ்வொருவரும் தனித்தனியாக, முதலிலிருந்து அவிழ்க்கிறார்கள். ஒருமுறை அவிழ்த்து எழுதிவைத்தால் போதாதா?

எழுதியவர் யார் என்பதும் பதிவாக வேண்டும். ஹார்வர்டில் சிறிது காலம் படித்த ஜான் சசமன், வம்சுட்டாவின் தம்பி மெட்டகாமுக்கு எழுத்தராக இருந்தவர். மெட்டகாம் அவரிடம் உயில் எழுதச் சொன்னபோது பெரும்பகுதி நிலத்தைத் தன் பெயருக்கே எழுதிக்கொண்டார் என்று வாம்பனோவாக் தரப்பில் பேச்சு இருந்ததை ரோட் தீவின் துணை ஆளுநர் ஜான் ஈஸ்டன் குறித்துவைத்திருக்கிறார். உண்மையோ பொய்யோ, எழுத்தறிந்த ஒருவர் நடுவில் இருந்தால் என்னென்ன நடக்கலாம் என்று எங்கள் தாலுகா அலுவலகத்து வாசலில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சசமன் 1675 ஜனவரியில் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதித்த சில நாளில் மெட்டகாம் தரப்புக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. பிடிபட்டவர்களில் பலர், மெட்டகாமின் மனைவியும் சிறு மகனும் உட்பட, அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பல குடும்பங்களின் நூல் அங்கேயே அறுந்துவிட்டது.

மிஞ்சியவர்களை அப்புறம் வந்த ஊர்ப் பதிவேடுகள் பல இடங்களில் 'கறுப்பர்', 'கலப்பினம்' என்று எழுதின. 1861இல் வெளியான ஜான் மில்டன் ஏர்லின் அறிக்கைதான் குடும்பம் குடும்பமாகப் பெயரும் வயதும் தருகிறது. தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னோக்கிப் போகிறார்கள். (எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பும் மரபணுப் பரிசோதனை இதற்கு உதவாது. எந்தப் பழங்குடி என்று அது சொல்லாது.)

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாம்பனோவாக் ஊரான மாஷ்பியே சாட்சி. எல்லோரும் சம்மதிக்காமல் ஆங்கிலேயருக்கு விற்கக் கூடாது என்று 1685இல் பிளிமத் நீதிமன்றமே உறுதிசெய்த நிலம் அது. 1842இல் அதைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்தார்கள். 1870இல் மாஷ்பி சாதாரண நகரமானது. பிறகு நிலம் கைமாறியது. நிலத்தைத் திரும்பக் கேட்டு மாஷ்பி மக்கள் 1976இல் வழக்குப் போட்டபோது, நீங்கள் ஒரு பழங்குடியா என்பதே கேள்வியானது. 1834இலும் 1842இலும் பழங்குடியாக இருந்தார்கள், 1790, 1869, 1870, 1976இல் இருக்கவில்லை என்றது ஜூரி. நடுவில் மட்டும் ஒரு இனம் இருந்து மறைந்ததாம்! மத்திய அரசின் அங்கீகாரம் 2007இல்தான் வந்தது.

ஆகவே, அட்டவணையில் பெண்களின் பெயரும் மாற்றுப்பெயர்களும் இருக்கட்டும். வாம்பனோவாக் மொழியிலேயே எழுதப்பட்ட பத்திரங்களும் உயில்களும் உங்களிடம் இருக்கின்றன. 1993இல் தொடங்கிய மொழி மீட்பு முயற்சிக்கு இப்படிப்பட்ட காகிதங்கள்தான் கைகொடுத்தன. அவற்றின் தெளிவான படங்களைக் கட்டணமின்றிக் கொடுங்கள். யார் யாருடைய முன்னோர் என்று முடிவுசெய்யும் வேலை மாஷ்பி, அக்குவினா ஆகிய இடங்களின் வாம்பனோவாக் மக்களுடையது. அவர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டால் மட்டும் போதாது, சம்பளமும் கொடுங்கள்.

பார்ன்ஸ்டபிளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1827 தீயில் உங்கள் பத்திரத் தொகுதிகளில் பெரும்பாலானவை எரிந்துபோயின. நிலம் வாங்கிய குடும்பங்களின் பரண்களில் மூலப்பத்திரங்களோ நகல்களோ இன்னும் கிடக்கலாம். அவற்றைக் கொண்டுவரச் சொல்லி நீங்கள் ஒரு பொது அறிவிப்பு விடுங்கள். நான் போய்க் கேட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள். பதிவாளர் கேட்டால் சிலராவது திறப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாநிலத்தில் வரி கட்டும் ஒருவன்