ஐயனார் கோயில் திருப்பணி நிறைவு: தலைக்கட்டுதாரர்களுக்கு அறிக்கை

கோயில் வரி கட்டும் குடும்பங்களான தலைக்கட்டுதாரர்கள், உபயதாரர்கள், ஊரில் பிறந்த பெண்மக்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

விமானத் திருப்பணியும், சிலைகளை மருந்து சாத்திப் பீடத்தில் பதிக்கும் அஷ்டபந்தனமும் முடிந்து குடமுழுக்கு நல்லபடி நிறைவேறியது. மண்டலாபிஷேகம் 48 நாளும் குறைவின்றி நடந்தது. வரவு செலவுக் கணக்கு தனியே அச்சாகி இத்துடன் வருகிறது. ஆகவே கோயில் வேலையைப் பற்றி இங்கே நீட்டவில்லை. கோயிலுக்கு வரும் பாதையைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

வேலை தொடங்குமுன் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் பாலாலயம் முடிந்த மறுவாரம், கல் தூண் ஏற்றி வந்த லாரி கண்மாய்க்கரையில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் குறுக்கிடும் இடத்தில் புதைந்தது. தூண்களை ஒவ்வொன்றாக டிராக்டருக்கு மாற்றிக் கொண்டுவர இருட்டிவிட்டது. அன்றிரவுக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “கல்லுக்கு டிராக்டர் பிடித்தோம். பிரசவத்துக்குப் போகிற பிள்ளைக்கு எதைப் பிடிப்பது?” யாரும் பதில் சொல்லவில்லை. வரத்துக்காலில் குழாய்ப் பாலமும், ஊர் முகப்பில் பயணிகள் நிழற்குடையும் இந்தத் திருப்பணியோடு சேர்ந்தது அந்தக் கேள்வியால்தான். அரசும் மக்களும் சேர்ந்து செலவிடும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியை நாம் கட்டினோம்.

இத்தனை காலம் ஏன் சாலை வரவில்லை என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்கிறீர்கள். 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், தொடக்கத்தில் 2001 கணக்கெடுப்பின்படி சமவெளியில் 500 பேருக்குக் குறையாத குடியிருப்புகளுக்கே உரியதாக இருந்தது. மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் 250 போதும். நமக்கு அந்தச் சலுகை இல்லை; நம் ஊர்த் தொகை 500-ஐ எட்டவில்லை. 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்று விதி உண்டு. நமக்கு அடுத்த குடியிருப்போ கண்மாய்க்கு அந்தப் பக்கம்.

கோயில் வரிக் கணக்கில் நாம் பெரிய ஊர். திருப்பூரில், கோவையில், சென்னையில், சிங்கப்பூரில் இருந்தெல்லாம் வரி வந்தது. ஒரு தலைக்கட்டும் பாக்கி வைக்கவில்லை. இதை நினைக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கு, ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவரை எண்ணுகிறது. பூட்டிய வீடு பூட்டிய வீடாகவே பதிவாகும். 2011 பிப்ரவரியில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தவர் திருப்பூர்க்காரராகவே எண்ணப்பட்டார். பிழைக்கப் போனவர்களைக் குறை சொல்லவில்லை. மழை பொய்த்த பூமியில் வேறு வழி என்ன? பஸ் இருந்திருந்தால் மானாமதுரைக்கோ சிவகங்கைக்கோ தினமும் போய்த் திரும்பி, ஊரிலேயே இருந்திருக்கக்கூடியவர்கள் உங்களில் பலர் என்பதுதான் எங்கள் வருத்தம்.

முன்பு நாம் கொடுத்த பஸ் மனு, பயணிகள் குறைவு என்று திரும்பி வந்தது. பாலம் முடிந்தபின் மீண்டும் கேட்டோம். இப்போது டவுன் பஸ் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை நிழற்குடை வரை வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் கண்மாய்க்கரையில் நடப்பது நின்றது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பெண்களுக்கு அந்த உரிமை இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டணம் இல்லை என்றாலும் நடத்துநரிடம் பயணச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

2027 பிப்ரவரியில் ஆள் கணக்கெடுக்க வருவார்கள். ஊரோடு இருக்கும் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, விடுபடாமல் பதிவாக வேண்டும். தோப்பு வீடுகளுக்கு வழிகாட்ட இளைஞர் இருவரை அமர்த்தியிருக்கிறோம்.

மீதி வேலை ஒன்று உண்டு. பாலத்துக்கு மேற்கே கரை இன்னும் மண்ணாகவே இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் கிராவல் அடிக்காவிட்டால் பஸ் நின்றுவிடும். திருப்பணி நிதியில் மிஞ்சியதை அதற்கு ஒதுக்கத் தீர்மானித்திருக்கிறோம்; மறுப்பு இருந்தால் அடுத்த அமாவாசைக் கூட்டத்தில் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்