இருட்டிய பிறகு ஒருமுறை மோட்டாரில் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் கூட்டரசு சாலை 1 ஊருக்குள்ளேயே ஓடுகிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தாலும், டோல் கொடுக்க மனமில்லாதவர்கள், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இன்னும் இதில்தான்.

ஊரைத் தாண்டி ஓரிடத்தில் பழைய தாரைச் சுரண்டிப் புதிதாகப் போடுகிறார்கள். போடட்டும், குழியில் விழுந்து எங்களுக்கும் அலுத்துவிட்டது. பகலில் குறை சொல்ல முடியாது. ஒருவர் கொடி பிடித்து இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் விடுகிறார். பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சாயங்காலம் ஆட்கள் கிளம்பியதும்தான் தொல்லை. சுரண்டிய இடத்தில் தார் நீளவாக்கில் ஒரு விளிம்பாக நிற்கிறது. காருக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். மோட்டாரின் முன்சக்கரம் அதில் உரசினால் வண்டி கையை விட்டுப் போய்விடும். போன வாரம் மாலை ஷிப்ட் முடிந்து மழையில் வந்த என் தம்பி மகன் அப்படித்தான் விழுந்தான். முழங்கையில் ஆறு தையல். பின்னால் லோரி எதுவும் வரவில்லை, தப்பித்தான்.

மறுநாள் இரவு நானே போய்ப் பார்த்தேன். 'கெர்ஜா டி ஹடாப்பான்' (முன்னால் வேலை நடக்கிறது) என்று மலாயில் எழுதிய ஆரஞ்சுப் பலகை இருந்தது, விளிம்பிலிருந்து இருபது அடிகூட இல்லாத தூரத்தில். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு விநாடியில் 25 மீட்டர் போய்விடுவார். படிப்பதற்குள் விளிம்பில் இருப்பார். கூம்புகளையும் சாலைக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்தே சாய்வாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தால்தானே வண்டிகள் முட்டிக்கொள்ளாமல் அடுத்த தடத்துக்கு மாறும்? இதற்கென்று பொதுப்பணித் துறையின் கையேடு 1985லிருந்தே இருக்கிறது. இன்னோர் இடத்தில் இதற்கு நேர்மாறு: வேலை முடிந்து பல வாரம் ஆகியும் பலகையை எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைப்பதே இல்லை.

இந்தச் சாலை வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மேற்பார்வையாளர் தினமும் இருட்டிய பிறகு, காரில் வேண்டாம், மோட்டாரில் இரண்டு திசையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். பலகையை எங்கே வைக்க வேண்டும், எந்த விளக்கு எரியவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், எங்கள் தோட்டத்துப் பையன்கள் விளிம்புக்கு வெகு முன்னாலேயே ஒரு செம்பனை மட்டையை நட்டு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார்கள். பலகை சரியான இடத்துக்கு வரும் வரை அதை யாரும் பிடுங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்