புல்லில் வைத்து அடித்துப் பார்த்தேன்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். முதுகு வலி குறைந்து, மறுபடியும் கோல்ஃபில் இறங்கி, வெட்ஜை, அந்தக் குறைந்த தூரத்துக்கான மட்டையை, எடுத்துப் பாதி ஸ்விங் அடிக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. அவசரம் மட்டும் வேண்டாம். மருத்துவர் சொன்ன கணக்குப்படியே போ.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் உன் கேள்விதான். "அந்தப் புது 3 உட் எப்படி இருக்கிறது? நானும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாய். டிரைவருக்கு அடுத்தபடி தூரம் போகும் கிளப் அல்லவா, ஆசை வரத்தான் செய்யும். முதல் நாளே எழுதியிருந்தால் "யோசிக்காமல் வாங்கு" என்றுதான் எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. நான் சொன்னால் நீ வாங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எட்டு ரவுண்டு ஆடி முடித்த பிறகே பேனாவை எடுத்தேன்.

முதல் நாள் பயிற்சி ரேஞ்சில் அடித்தேன். செயற்கைப் புல் மேட், பக்கத்தில் பந்தின் வேகத்தையும் தூரத்தையும் திரையில் காட்டும் லாஞ்ச் மானிட்டர். பழைய கிளப், புதிய கிளப் இரண்டையும் ஐந்து ஐந்து பந்தாக மாற்றி மாற்றி அடித்தேன். பந்தும் ஒரே ரகம்தான். உடம்பு சூடாக ஆக எல்லாக் கிளப்பும் நன்றாக அடிக்க ஆரம்பிக்கும், அந்தச் சலுகை ஒன்றுக்கு மட்டும் போய்விடக் கூடாது. புதியதில் நன்றாகப் பட்ட பந்துகள் பத்து யார்டு கூடுதலாகப் போயின. வீட்டுக்கு வரும்போது தரையில் கால் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து மைதானத்தில் இறங்கினேன். ஃபேர்வேயில், அதாவது குழியை நோக்கிப் போகும் நடுப்பாதையில், புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முதல் ரவுண்டில் தரையிலிருந்து ஒன்பது முறை அதை அடித்தேன். மூன்று பந்துதான் ஒழுங்காக எழும்பியது. மற்றவை முட்டி உயரத்துக்குப் பறந்து உருண்டன, இல்லையென்றால் பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே கிளப் மண்ணில் குத்தியது. மேட் மேல் கிளப் பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். திரையில் எண் நன்றாகவே தெரியும். புல்லில் அந்தத் தயவு கிடையாது. 3 உட் மாதிரி ஃபேர்வே உட்டை மேட் மேல் மட்டும் அடித்துப் பார்த்து முடிவு செய்யவே கூடாது, சேகர். டிரைவருக்குப் பரவாயில்லை, அதற்குப் பந்து டீ என்ற சின்னக் குச்சியின் மேல்தான் நிற்கப்போகிறது.

வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அப்படியானால் பந்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 டிகிரி சாய்ந்த கிளப்பின் முகம் வந்து மோதும்போது தொடும் இடம் இன்னும் கீழே, ஏறக்குறைய 16 மில்லிமீட்டரில் அமைகிறது. அதுவும் சோல், அதாவது கிளப் தலையின் அடிப்பாகம், தரையோடு ஒட்டி வந்தால்தான். சோல் கொஞ்சம் தூக்கி வந்தால் முகத்தின் அடி விளிம்பில்தான் பந்து படும். இதனால்தான் தட்டையான, உயரம் குறைந்த முகமுள்ள உட் தரையிலிருந்து நமக்கு எளிதாக இருக்கிறது. முகம் உயரமான உட் டீயிலிருந்து அடிக்க அருமை, புல்லிலிருந்து கடினம். தலையின் மேல்பாகத்தைக் கார்பனில் செய்து, மிச்சமாகும் எடையை டங்ஸ்டனாக அடியில் வைப்பதற்கும் இதுவே காரணம். எடை கீழே இறங்கினால், கீழே பட்ட பந்தும் எழும்பும்.

பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயைக் கிளப் முகத்தில் லேசாக அடித்துவிட்டுப் பந்தை அடித்தால் பட்ட இடம் பளிச்சென்று தெரியும், ஞாபகம் இருக்கிறதா? அதையே செய்தேன். என் தடங்கள் பெரும்பாலும் நடுவுக்குக் கீழேதான் இருந்தன. கீழே பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பும், வேகம் குறையும், ஸ்பின் கூடும். என் பழைய கிளப்பில் அப்படிப்பட்ட பந்து இருபது யார்டு முன்னாலேயே விழுந்துவிடும். புதியதில் சோலில், முகத்துக்குச் சற்றுப் பின்னால், குறுக்காக ஒரு வெட்டு இருக்கிறது. 2012-இல் டெய்லர்மேட் கம்பெனியின் ராக்கெட்பால்ஸ் உட் வந்தபோது எல்லோரும் பேசினார்களே, அந்த மாதிரி. முகத்தின் அடிப்பாகமும் நடுப்பாகம் மாதிரி வளைந்து கொடுக்கத்தான் அந்த வெட்டு. அது உண்மையிலேயே வேலை செய்கிறது. என் மோசமான பந்துகளுக்கு இது கொடுத்த கூடுதல் தூரம், நல்ல பந்துகளுக்குக் கொடுத்ததை விடப் பெரிது. இந்தக் கிளப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பக்கவாட்டில் தலையின் நுனியான டோ பக்கம் பட்டாலும் திசை அதிகம் கெடவில்லை.

அப்புறம், கையில் எப்படி இருக்கிறது என்று நீ தனியாகக் கேட்டிருந்தாய். இதை நிறைய யோசித்தேன். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியின் 2,000-இல் ஒரு பங்கு. கை உணர்ந்து மூளைக்குச் சொல்வதற்குள் பந்து பறந்தே போய்விட்டது. அப்படியானால் நாம் "நல்லா பட்டுச்சு" என்று சொல்வது எதை? பிறகு கிளப்பின் தண்டான ஷாஃப்ட் வழியாக வரும் அதிர்வையும், காதில் விழும் சத்தத்தையும்தான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பத்துப் பந்து அடித்துப் பார்த்தேன். எது நடுவில் பட்டது, எது ஓரத்தில் பட்டது என்று பாதிக்கு மேல் தவறாகச் சொன்னேன். கை சொல்கிறது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், பெரும்பாலும் காதுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

என் பழைய கிளப் முழுக்க எஃகு. 'ணங்' என்று கணீரென ஒலிக்கும். புதியது 'தொப்' என்று அடங்கிய சத்தம். அதனால் முதல் வாரம் பந்தில் உயிரே இல்லாத மாதிரி இருந்தது. பந்து போய் விழுந்த இடத்தைப் பார்த்தால் குறையே இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் அந்தத் 'தொப்'புக்குள்ளேயே வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. நடுவில் பட்டால் ஆழமாக, கீழே பட்டால் கொஞ்சம் சளசளப்பாக. எனவே சத்தத்தை வைத்து ஒரே நாளில் ஒரு கிளப்பை ஒதுக்கிவிடாதே. காதுக்கும் பழக நாள் வேண்டும்.

இதை எழுதும்போது நாம் கற்றுக்கொண்ட காலத்தில் தொட்டுப் பார்த்த அந்தப் பெர்சிமன் மர 4 உட் நினைவுக்கு வருகிறது. வார்னிஷ் வாசனை, கழுத்தில் சுற்றிய நூல், நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே பட்டதாகத் தெரியாத அந்த மென்மை. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1935 அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியின் கதையை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ஜீன் சாரசன் 15ஆவது ஹோலில், கொடிக்கு 235 யார்டு தூரத்தில், 4 உட்டை எடுத்து இரண்டாவது அடியிலேயே குழியில் போட்டதையும், மறுநாள் சமன் தீர்க்கும் பிளேஆஃபில் கிரெய்க் உட்டை வென்றதையும். 1979-இல் கேரி ஆடம்ஸ் எஃகு உட்டோடு டெய்லர்மேடைத் தொடங்கிய பிறகு மரம் மெல்ல மெல்லப் போய், பேரில் மட்டும் உட் மிஞ்சியிருக்கிறது. சாரசன் எடுத்தது 3 இல்லை, 4. அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஏனென்றால் என் பிரச்சினை கடைசியில் லாஃப்டில், அதாவது முகத்தின் சாய்வில்தான் தீர்ந்தது. பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 3 உட்டைச் சராசரியாக மணிக்கு 107 மைல் வேகத்தில் வீசுவதாக லாஞ்ச் மானிட்டர் செய்யும் டிராக்மேன் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. என் வேகம் 90-ஐத் தொடுவதே பெரிய விஷயம். அந்த வேகம் இருப்பவர்களுக்கு 15 டிகிரி எழும்பும், எனக்குத் தரையிலிருந்து எழும்பாது. தலையும் தண்டும் சேரும் ஹோசலில் திருகி லாஃப்டைக் கூட்டிப் பார்த்தேன். லாஃப்ட் கூடும்போது முகமும் மூடிக்கொள்கிறது. கீழே வைத்தால் இடது பக்கம் பார்த்து நிற்கிறது. பந்து இடது பக்கம் வளைந்து ஹூக் விழுமோ என்ற பயத்தில் கை தானாக இறுகியது. அதைத் திரும்பப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, இதே மாடலில் 16.5 டிகிரி தலையை மாற்றி வாங்கினேன்.

சரி, அதற்குப் பிறகு கதையே வேறு. மிக நீளமாகப் போன பந்து முன்பைவிட நாலைந்து யார்டு குறைவுதான். ஆனால் தரையிலிருந்து அடித்த பந்துகளின் சராசரி கேரி, அதாவது தரையில் விழும்வரை பறக்கும் தூரம், 15 டிகிரியைவிடக் கூடிவிட்டது. பந்து உயரமாகப் போய்ச் செங்குத்தாக விழுவதால் குழி இருக்கும் கிரீனில் நிற்கவும் செய்கிறது. நீளமாகப் போன ஒரே ஒரு பந்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிளப் வாங்குவது தவறு. பத்துப் பந்தில் மோசமான மூன்று எங்கே விழுகிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஷாஃப்டும் மாற்றினேன். கூட வந்தது 55 கிராம், எனக்கு இலேசு. மேலிருந்து இறங்கும்போது தலை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. 70 கிராம் போட்டதும் ஸ்விங்கின் தாளம் திரும்பி வந்தது. நீளம் 43 அங்குலம். நான் அரை அங்குலம் கீழே பிடிக்கிறேன், தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. டீயிலிருந்து நேராகப் போகிறது, அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. சோல் கொஞ்சம் அகலம் என்பதால், நீண்ட புல் வளர்ந்த ஆழமான ரஃபில் மட்டும் புல் பிடித்து இழுக்கிறது. அங்கே தலை சின்னதான ஹைப்ரிட் கிளப்தான்.

பழையதைத் தூக்கிப் போடவில்லை. ஸ்வீடன் ஆட்டக்காரர் ஹென்ரிக் ஸ்டென்சன் ஒரே 3 உட்டைப் பல வருஷம் பையிலிருந்து எடுக்காமல் ஆடினாரே, அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 14 கிளப்புக்கு மேல் பையில் இடமில்லை, என் மோசமான பந்துக்குத் துணை நிற்பது புதியதுதான். அது உள்ளே வந்துவிட்டது.

இப்போது உன் விஷயம். உனக்கு இந்த 3 உட் வேண்டாம், சேகர். கிளப்பில் குறை இருப்பதால் சொல்லவில்லை. முதுகு ஆறி வரும்போது, பந்தை எழுப்புவதற்காக உடம்பைப் பின்னால் சாய்க்க வைக்கும் எந்தக் கிளப்பையும் நீ தொடக் கூடாது. தாழ்ந்த லாஃப்ட் அதைத்தான் செய்ய வைக்கும். இதே மாடலில் 18 டிகிரி 5 உட்டோ, 21 டிகிரி 7 உட்டோ எடு. ஷாஃப்டும் சற்றுக் குட்டை, பந்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். 7 உட் என்றதும் முகம் சுளிக்காதே. டஸ்டின் ஜான்சன் 2020 மாஸ்டர்ஸை 20 அண்டரில், அதாவது நிர்ணயித்த அடிகளைவிட 20 குறைவாக அடித்து, வென்றபோது அவர் பையில் ஒன்று இருந்தது. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், உனக்கு 7.

முழு ஸ்விங்குக்கு அனுமதி கிடைத்ததும் எழுது. என்னோடு ஆடும் ஒருவரிடம் இதே மாடலில் 7 உட் இருக்கிறது, ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வருகிறேன். ஸ்ப்ரேயும் கொண்டு வருகிறேன். மேட் பக்கமே போக வேண்டாம், புல்லில் முப்பது பந்து போதும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி

பி.கு.: உன் பழைய 3 உட்டை அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதே. புதியதோடு பக்கத்தில் வைத்து அடித்துப் பார்க்க அது வேண்டும்.