இரணைமடுவில் மின்சாரமா? முதலில் உயரத்தை அளப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் நீர்மின்சாரத்துக்கு வழிகாட்டிய பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை எங்கள் வாசிகசாலையில் பலரும் எடுத்துப் படித்தார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பந்தியில், எங்கள் கிளிநொச்சியின் இரணைமடு போன்ற பெருங்குளத்தை வைத்துக்கொண்டு வன்னி ஏன் நீர்மின்சாரம் எடுக்காமல் இருக்கிறது என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து தேநீர்க் கடையில் இதே கதை. "ஏன் மாஸ்டர், மலைநாட்டுத் தண்ணிக்கு மட்டும்தானோ கறண்ட் வரும்?" என்று என்னையும் பிடித்துக்கொள்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்லாமல் தப்ப முடியவில்லை.

தண்ணீர் நிறைய இருந்தால் போதாது, அது விழ வேண்டும். செக்கனுக்கு ஒரு கன மீற்றர் நீர் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் 9.8 கிலோவாற்று கிடைக்கும். இரணைமடுவில் 10 மீற்றர் உயரத்துக்கு நீர் நிற்கிறது, துருசால் (குளத்து மதகால்) செக்கனுக்கு 5 கன மீற்றர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 490 கிலோவாற்று. இயந்திரத்தில் போகும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 400. அதே 5 கன மீற்றரை மலையில் 400 மீற்றர் கீழே இறக்கினால் இதைப்போல 40 மடங்கு. அதோடு எங்கள் துருசு விதைப்பைப் பார்த்துத் திறப்பது. வயலுக்கு நீர் தேவையில்லாத மாதங்களில் பூட்டியிருக்கும். சிறுபோகத்தின் கடைசியில் நீர்மட்டம் இறங்க, உயரமும் சேர்ந்து இறங்கும். மின்விளக்குக்காகத் துருசைத் திறந்துவிடச் சொன்னால் கமக்காரர் சும்மா விடுவார்களா? துருசடியில் சின்ன இயந்திரம் ஒன்றைப் பூட்டிப் பார்க்கலாம், அதில் தவறில்லை. மலைநாட்டு லக்சபான நீர்மின்நிலையத்தோடு ஒப்பிட்டுப் பேசுவதுதான் சரியில்லை.

விமலசுரேந்திர செய்ததே இந்தக் கணக்கைத்தான். பொதுவேலைத் திணைக்களத்தில் இருந்தபோது, பொன் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவரைக் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயா என்ற மலையாறுகளின் பக்கம் அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். அவர் கண்ணில் பட்டது அருவிகளின் உயரம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூலில் சிறிய மின்நிலையம் ஒன்றைக் கட்டி அந்த நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். பிறகு 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். நாட்டின் நீர்வலுவை எப்படிப் பயன்படுத்தலாம், அது பொருளாதார ரீதியில் கட்டுமா என்பதுதான் பொருள்.

வெள்ளைக்கார நிர்வாகம் அசையவில்லை என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த இடம்தான் விரிவாக வந்திருக்க வேண்டும். 1920களில் லக்சபான வேலை தொடங்கியது, பிறகு பணமில்லை என்று நின்றது. மனிதர் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. 1931இல் இரத்தினபுரியில் தேர்தலில் நின்று அரசாங்க சபைக்கு (அந்நாளைய சட்டமன்றத்துக்கு) போய், அங்கேயும் லக்சபானவைப் பற்றித்தான் பேசினார். 1936இல் தோற்றுப்போனார். கடைசியில் 1950இல் 25 மெகாவாற்றுடன் லக்சபான ஓடத் தொடங்கியது. 1918இலிருந்து எண்ணினால் 32 வருடம்! அவர் 1953இல் காலமானார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் வந்த 50 மெகாவாற்று நிலையத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

நீர்மின்சாரம் எப்படி வருகிறது என்பதைப் படிப்பிக்க எங்களுக்கு அருவி தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரி வருவது தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டயரில் உரசும் டைனமோவிலிருந்து வயர் எடுத்துத்தான் இரவில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிற பெடியனுக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சேர்ந்து இறங்கும். லக்சபானவில் அந்தப் பெடியனுடைய வேலையைக் குழாயால் பாய்ந்து வரும் நீர் செய்கிறது. பெல்ரன் சில்லு எனும் நீர்ச்சுழலியின் அகப்பைகளில் அடித்து அதைச் சுழற்றுகிறது. இதை வகுப்பில் சொன்னால் பின்வாங்கில் இருப்பவனுக்கும் விளங்கிவிடும்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்றும் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எனக்கு அயல். மின்கம்பி தோட்டத்துக்கு மேலால் போனது, துரை பங்களாவில் வெளிச்சம் இருந்தது, தொழிலாளர் இருந்த எங்கள் லயத்தில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்குத்தான் என்பார். இங்கே வந்தும் யுத்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கோடுதான் இருந்தார். கம்பிக்குக் கீழே இருட்டில் இருந்த இவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. நீர்மின்சாரத்துக்காகக் கட்டிய மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் பழைய கோயில் வெளியே தெரிந்தால் சனம் போய்ப் பார்க்கிறது. இதையும் சேர்த்திருக்கலாம்.

சரி, வன்னியில் மின்சாரம் எடுக்கவே முடியாதா? முடியும், ஆனால் இங்கே அளக்க வேண்டியது காற்றை. மன்னாரில் 2020இல் தொடங்கிய தம்பபவனி காற்றாலை 30 கோபுரங்களோடு ஏறத்தாழ 100 மெகாவாற்றுக்குக் கட்டப்பட்டது. லக்சபான தொடங்கியபோது இருந்ததைப்போல நாலு மடங்கு. அதேநேரம் வலசை வரும் பறவைகள் பற்றியும், மழைவெள்ளம் வடியாமல் நிற்பது பற்றியும் தீவு மக்கள் முறையிட்டு வருகிறார்கள். ஊராரைக் கேட்காமல் அடுத்த கோபுரங்களை நடக்கூடாது என்பது என் கருத்து. மன்னாருக்கு ஒரு நிருபரை அனுப்பி இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதினால் நாங்கள் வாசிக்கக் காத்திருக்கிறோம். இரணைமடுக் கேள்விக்கான மேற்படி கணக்கையும் தயவுசெய்து பிரசுரித்துவிடுங்கள். தேநீர்க் கடையில் ஒட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி