ரிலீஸ் ஃபார்மை கடைசி வேலையா நெனைக்கிற இ.பி. சார்களுக்கும் மேடம்களுக்கும்

தமிழ் சேனல்கள்ல நான்-ஃபிக்‌ஷன் (சீரியல் இல்லாத, ரியாலிட்டி ஷோ மாதிரி) பாக்குற ஹெட்களுக்கும், அவங்களுக்கு ஷோ எடுத்துக் குடுக்குற ப்ரொடக்‌ஷன் ஹவுஸ் இ.பி.களுக்கும் (எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்களுக்கும்) வணக்கம். நான் ரியாலிட்டி ஷோவுல ப்ரொடக்‌ஷன் கோஆர்டினேட்டரா இருக்கேன். எந்த ஹவுஸ், எந்த ஷோன்னு சொல்லப் போறதில்ல, சொன்னா அடுத்த சீசன் எனக்குக் கால் வராது. அதுவும் இல்லாம இது ஒரு ஹவுஸோட பிரச்சனையும் இல்ல. பிரச்சனை ரிலீஸ் ஃபார்ம், அதாவது என்னை எடுத்ததை டிவியில போட்டுக்கலாம்னு கேமரா முன்னாடி வர்றவங்ககிட்ட கையெழுத்து வாங்குற பேப்பர்.

சீரியல் யூனிட்ல பேப்பர் வேலை ஈஸின்னு சொல்ல வரல. ஆனா அங்க யார் நடிக்கப் போறாங்க, எந்த வீடு, எத்தனை சீன்னு முன்னாடியே ஓரளவு தெரியும், அக்ரிமென்ட் போட்டுட்டுதான் கால்ஷீட்டே வாங்குவாங்க. நம்ம ஷோ அப்படியா? ஆடிஷனுக்கு வந்த பையனுக்குத் துணையா வந்த பாட்டி திடீர்னு மைக்கைப் பிடிச்சு அவங்க கதையச் சொல்லி ஜட்ஜஸ் எல்லாரையும் அழ வெச்சிடுவாங்க, எடிட்ல பாத்தா அதுதான் எபிசோடோட ஹைலைட்டு, ப்ரோமோவே அதுதான், பாட்டிகிட்ட கையெழுத்து வாங்கினீங்களான்னு லீகல்ல இருந்து மெயில் வர்றப்போ பாட்டி தென்காசி பஸ் ஏறிப் போயே ரெண்டு வாரம் ஆகியிருக்கும். அப்புறம் என்ன, ஒரு அசிஸ்டன்ட் பையன் பேரனோட நம்பரைத் தேடிப் பிடிச்சு வாட்ஸ்அப்ல ஃபார்ம் அனுப்பி, அதைப் பக்கத்து ஊர் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு கெஞ்சணும். வரலைன்னா மூஞ்சிய பிளர் பண்ணணும். நெகிழ்ச்சியான சீன்ல பிளர் பண்ண முகம், ஏதோ திருட்டு கேஸ்ல மாட்டினவங்க மாதிரி. அதுக்கு அந்த ஷாட்டையே தூக்கிடலாம், ஆனா எபிசோட்ல மிச்சம் என்ன இருக்கு?

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கேமரா ஆன் ஆகுறதுக்கு முன்னாடி பேப்பர் முடியணும், அதுக்குன்னு ஒரு ஆள் ஸ்பாட்ல இருக்கணும், அந்த ஆளுக்கு வேற வேலை குடுக்கக் கூடாது. இப்போ எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். டீ வாங்கப் போற, ப்ராப்பர்ட்டி எடுக்கப் போற, கன்டஸ்டன்ட்ட ரூம்ல இருந்து கூட்டிட்டு வர்ற அதே பையன் கையிலதான் ஃபார்ம் கட்டும் இருக்கும். அவனுக்கு மாசம் என்ன குடுக்குறீங்கன்னு இங்க எழுதினா அசிங்கம். ஆனா ஒரு எபிசோட் ஏர் ஆகுமா ஆகாதான்றதே அவன் கையில இருக்கு.

கையெழுத்து மட்டும் இருந்தா போதும்னு நெனைக்கிறதும் தப்பு. ஆடியன்ஸ்ல இருந்து, ஆடிஷன் க்யூல இருந்து வாங்கின ஃபார்ம் ஒரு மூட்டை இருக்கும், எது யாருதுன்னு ஒரு மனுஷனுக்கும் தெரியாது. எடிட்டர் பச்சை சட்டை போட்டவருக்கு ரிலீஸ் இருக்கான்னு கேப்பாரு, என்கிட்ட "எஸ். குமார், வயது 34"ன்னு ஒரு பேப்பர் இருக்கும். இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, செலவே கெடையாது. கையெழுத்துப் போட்டவரையே அந்த ஃபார்மை நெஞ்சுக்கு நேரா பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுக்கணும், ஃபார்ம்ல தேதி, நேரம், எந்த கேமரா மெமரி கார்டுன்னு குறிச்சிடணும், டேட்டா காப்பி பண்றவர் போடுற ஃபோல்டர்லயே அந்தப் போட்டோவும் போயிடணும். இதைச் செஞ்ச ஷெட்யூல்ல எடிட் டேபிள்ல இருந்து எனக்கு போனே வரல, உண்மையாவே.

அப்புறம் அந்த ஃபார்ம். 14 பக்கம், மொத்தமும் இங்கிலீஷ், மும்பை ஆபீஸ்ல இருந்து வந்தது அப்படியே. அதுல ஒரு வரி, உங்க குரலையும் உருவத்தையும் பிரபஞ்சம் முழுக்க, எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்திக்கலாம்னு. செவ்வாய் கிரகத்துல டெலிகாஸ்ட் பண்ற ஐடியா இருந்தா எனக்கும் சொல்லுங்க, பேட்டா எவ்ளோன்னு கேக்கணும். காமெடி இருக்கட்டும், ராத்திரி 11 மணிக்குப் பசியோட நிக்கிற ஒரு அம்மாகிட்ட "இங்க, இங்க, இங்க சைன் பண்ணுங்கக்கா"ன்னு விரலை வெச்சுக் காட்டி வாங்குற கையெழுத்துக்கு நாளைக்கு அவங்க கோர்ட்ல "எனக்கு ஒண்ணும் புரியாமதான் போட்டேன்"னு சொன்னா நாம என்ன பதில் வெச்சிருக்கோம்? தமிழ்ல ரெண்டு பக்கம் போதும். என்ன எடுக்குறோம், எங்கெல்லாம் போடுவோம், யூடியூப்ல வருமா, எடிட்ல உங்க பேச்சை வெட்டுவோமா, பணம் உண்டா இல்லையா. இதைப் படிச்சுட்டு நாலு பேர் வேணாம்னு போவாங்கதான், போகட்டும், ஏர் ஆனப்புறம் சண்டைக்கு வர்றதுக்கு இப்பவே போறது நல்லது.

குழந்தைங்க விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்குக் கோபமே வரும். 18 வயசுக்குக் கீழ இருக்கவங்க போடுற அக்ரிமென்ட் செல்லாதுன்னு 1903லயே தீர்ப்பு வந்தாச்சு, இன்னமும் சில எடத்துல பிள்ளைகிட்டயே கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிட்டு இருக்கோம். அது கூட போகட்டும். குழந்தைத் தொழிலாளர் விதிகள்ல 2017ல கொண்டு வந்த திருத்தத்துல எல்லாமே தெளிவா இருக்கு: கலெக்டர் அனுமதி வேணும், படிவம் சி-ல உறுதிமொழி குடுக்கணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, ரெஸ்ட் இல்லாம 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 5 பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், தொடர்ச்சியா 27 நாளுக்கு மேல கூடாது, வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் அந்தப் பிள்ளை பேர்லயே பேங்க்ல டெபாசிட். இதுல எத்தனை விஷயம் நம்ம கால்ஷீட்லயும் டெய்லி ரிப்போர்ட்லயும் ஏறுது? பிள்ளை எத்தனை மணிக்கு ஃப்ளோருக்குள்ள வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதறதுக்கு அதுல ஒரு கட்டம் கூட இல்ல. காலை 9 மணிக்கு மேக்கப்ல உக்காந்த பிள்ளை ஃபினாலே அன்னிக்கு நடுராத்திரி கான்ஃபெட்டிக்கு நடுவுல நிக்குது. இதுல இன்னொன்னு, எந்த மாவட்டத்துல ஷூட்டோ அந்த மாவட்ட கலெக்டர்கிட்டதான் போகணும், ஃப்ளோர் பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம்னா திருவள்ளூர் கலெக்டர், சென்னை இல்ல. இது கூடத் தெரியாம முந்தின நாள் சாயங்காலம் என்கிட்ட "பர்மிஷன் ஒண்ணு எடுத்துடும்மா"ன்னு சொன்னா நான் எங்க போறது.

பரிசுப் பணம். ஜெயிச்சவருக்கு மேடையில பெரிய செக் குடுத்துடுறீங்க, 30 சதவீதம் வரி பிடிப்போம்னு யாரும் முன்னாடி சொல்றதில்ல, அப்புறம் அந்தக் குடும்பம் நம்மளை ஏமாத்துக்காரங்கன்னு நெனைக்குது. கார் பரிசுன்னா இன்னும் மோசம், வரி கட்டினதை உறுதி பண்ணிக்காம வண்டியக் குடுக்கக் கூடாது, அந்தக் காசுக்கு அவங்க எங்க போவாங்க? அதோட நம்ம ஊர் இனிஷியல் கதை வேற, ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பான் கார்டுல அப்பா பேர் முழுசா, பாஸ்புக்ல இனிஷியலே இல்ல, பேமென்ட் திரும்பி வந்துடும். இதையெல்லாம் ஆடிஷன் அன்னிக்கே செக் பண்ணலாம். ஆனா செக் பண்றேன்னு எல்லார் ஆதாரையும் 40 பேர் இருக்க வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, தயவுசெஞ்சு. டேட்டா பாதுகாப்புக்குன்னு 2023லயே சட்டம் வந்தாச்சு, படிப்படியா அமலாகுது, அபராதம் 250 கோடி வரைக்கும் போகும்.

எபிசோட்ல வர்ற பாட்டையெல்லாம் குறிச்சு வெக்கிற க்யூ ஷீட் பத்தி தனி மடலே எழுதலாம், இப்போதைக்கு விடுறேன். கிரீன் ரூம்ல கன்டஸ்டன்ட் முணுமுணுத்த பாட்டும் பாட்டுதான், அதையும் எழுதுங்க, அவ்ளோதான்.

"பேப்பர் இல்லைன்னா என்ன ஆகிடப் போகுது"ன்னு கேக்குறவங்களுக்கு 2025 அக்டோபர்ல பெங்களூரு பக்கம் பிடதியில நடந்ததை ஞாபகப்படுத்துறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி இல்லைன்னு ஸ்டுடியோவுக்கு சீல் வெச்சு, ஓடிக்கிட்டு இருந்த கன்னட பிக் பாஸ் கன்டஸ்டன்ட்ஸ் அத்தனை பேரையும் ரிசார்ட்டுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. அப்புறம் தெறந்தாங்க, அது வேற விஷயம். அந்த அனுமதி ஸ்டுடியோக்காரங்க வாங்க வேண்டியது, ஆனா நின்னது ஷோ. லொகேஷன் அக்ரிமென்ட்ல வாடகையும் அட்வான்ஸும் மட்டும் பாக்காம, ஃபயர், மாசு வாரியம், இன்சூரன்ஸ்னு அவங்க வெச்சிருக்க அனுமதி காப்பி எல்லாம் கேட்டு வாங்கணும்னு நான் சொன்னா "ஓவரா பண்ற"ன்னு சொல்றீங்க.

அடுத்த சீசன் பட்ஜெட் ஷீட்ல ட்ரோனுக்கு ஒரு லைன் இருக்கும், ஜிப் கிரேனுக்கு ஒரு லைன் இருக்கும். ரிலீஸ் பாக்குறதுக்கு ஒரு ஆள்னு அதுக்குக் கீழ ஒரு லைன் போடுங்க, ட்ரோன் ஒரு நாள் வாடகைய குறைச்சுக்கிட்டா கூட பாதி வந்துடும். தமிழ் ஃபார்ம் ஒண்ணு நானே ரெண்டு பக்கத்துல அடிச்சு வெச்சிருக்கேன், எந்த ஹவுஸ் கேட்டாலும் தர்றேன். உங்க லீகல் டீம் திருத்தட்டும், தாராளமா. திருத்துறேன்னு மறுபடி 14 பக்கம் ஆக்கிடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு ப்ரொடக்‌ஷன் கோஆர்டினேட்டர்,
சாலிகிராமம்