பாடியவர்களுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல ரியாலிட்டி ஷோக்களில் பாடிய ஒருவரின் பேட்டியை ஞாயிறு இணைப்பில் படித்தேன். புகழ் போய்விட்டது, பழைய வீடியோக்கள் மட்டும் யூடியூபில் இன்னும் ஓடுகின்றன என்று அவர் சொன்னது மனதை உறுத்துகிறது. விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் 2006-இல் தொடங்கியது. அப்போது பாடிய பிள்ளைகளுக்கு இன்று குடும்பம், வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் வந்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளுக்கு இவர்கள் வருகிறார்கள். நோட்டீஸில் 'டிவி புகழ்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கச்சேரி முடிந்து நள்ளிரவில் மேடைக்குப் பின்னால், ஒத்துக்கொண்ட தொகையில் பேரம் பேசிக் குறைத்ததை எங்கள் ஊரிலேயே பார்த்தேன், அந்தப் பாடகி ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார்.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நிகழ்த்திய கலைஞருக்கும் ராயல்டி, அதாவது வருமானத்தில் பங்கு, உண்டு என்கிறது. சரி, ஆடிஷனில் தேர்வான சந்தோஷத்தில் கையெழுத்துப் போடும் பிள்ளைக்கு இதை யார் சொல்வது? ஒப்பந்தத்தைத் தமிழில், பங்கு எவ்வளவு என்று எழுதி, படித்துப் பார்க்க ஒரு வாரமாவது முன்னதாகக் கையில் கொடுக்கும்படி சேனல்களுக்கு அரசு உத்தரவிட வேண்டும்.

வாசகர், காரைக்குடி