குயில் கேட்கிறது, தேன்சிட்டு கேட்கிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேனிற்காலப் பறவைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். நிறம், வால், அலகு எல்லாம் விரிவாக இருந்தன. குரலுக்குத்தான் இடம் போதவில்லை. எங்கள் டெல்டாவில் பங்குனியும் சித்திரையும் காதால் அனுபவிக்க வேண்டிய மாதங்கள்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள். பங்குனியில் ஆறும் வாய்க்காலும் மணலாகக் கிடக்கும். நடவு, களையெடுப்பு எதுவும் இல்லாததால் வயல்வெளியில் பேச்சுச் சத்தமும் குறைவு. அந்த அமைதியில் விடியுமுன்பே கரிச்சான் தொடங்கிவிடும். பிறகு குண்டுக்கரிச்சான் உச்சிக் கொம்பில் உட்கார்ந்து விதவிதமாகச் சீட்டியடிக்கும். வெயில் ஏறியதும் அரசமரத்திலிருந்து குக்குறுவானின் ஓயாத ‘டொங், டொங்’. உளுந்து பறித்த தரிசில் ஆட்காட்டி முட்டையிட்டிருந்தால், வரப்பில் கால் வைத்தவுடன் ஊரையே கூட்டிவிடும். கொல்லையில் வாழைப்பூவைச் சுற்றும் தேன்சிட்டின் குரல் மட்டும் மெல்லிசு. நின்று கேட்டால்தான் கிடைக்கும்.

காது மந்தமாகத் தொடங்கினால் அந்த மெல்லிசுக் குரல்தான் நம்மைவிட்டு முதலில் போகிறது. ஒலியின் கீச்சுத்தன்மையை ஹெர்ட்ஸில் சொல்வார்கள்; எண் கூடக்கூடக் குரல் கீச்சாகும். குயில் கூவுவது பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையில். தேன்சிட்டின் குரல் 4,000க்கும் மேலே. இரைச்சலால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் ஆரம்பிக்கும். அதனால், “குயில் நன்றாகக் கேட்கிறதே, எனக்கென்ன குறை?” என்று சொல்லிவிட முடியாது.

என் அப்பா நெல் அரவை மில்லில் காலமெல்லாம் உழைத்தவர். இன்றும் குயில் கூவினால் எங்களுக்கு முன்பே சொல்வார். ஆனால் ஜன்னல் கம்பியில் தேன்சிட்டு உட்கார்ந்து கத்தினாலும் அவருக்குத் தெரிவதில்லை. பேத்தி பேசினால் “என்ன சொல்றே?” என்று இரண்டு முறை கேட்பார். குழந்தைக் குரலும் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளும் அந்த மேல் பகுதியில்தான் நழுவுகின்றன என்று காது பரிசோதனை செய்தபோது விளக்கினார்கள். இப்போது காதுக் கருவி வைத்திருக்கிறார். பேத்தியோடு பேச்சு நடக்கிறது. எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

உட்செவியில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. காற்றில் சாய்ந்த நெற்பயிர் நிமிர்வதுபோல, ஒருநாள் இரைச்சலில் தளர்ந்தவை ஓய்வு கொடுத்தால் ஓரளவு தேறும். மீண்டும் மீண்டும் அடிபட்டால் மடிந்துவிடும். மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும்! கோழிக்குஞ்சிலும் காடையிலும் இதை 1988இல் கண்டறிந்தார்கள். நமக்கு அந்த வரம் இல்லை.

இதே பங்குனியில்தான் காவடி, பால்குடம், தீமிதி எல்லாம். திருவிழா எனக்கு உயிர். நாதஸ்வரமும் தவிலும் தெருமுனையிலிருந்து காற்றிலேயே வந்து சேரக்கூடியவை. அவற்றுக்குப் பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கி, வாசிப்பவரே தன் சுருதியைக் கேட்க முடியாதபடி செய்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, சிறப்பு அனுமதி இல்லாமல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

விழாக் குழுவினர் மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். பாக்ஸைத் திண்ணைக்கும் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கும் நேராக வைக்க வேண்டாம். அறுவடை மிஷின் ஓட்டும் தம்பிகளும் தவில் கலைஞர்களும் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம். மருந்துக் கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. பஞ்சை உருட்டி வைப்பது அவ்வளவாக உதவாது. விழா முடிந்து வீடு திரும்பிய பிறகும் காதில் ‘ங்ஙொய்’ என்று இரைந்தால், காது அளவுக்கு மீறி அடிபட்டிருக்கிறது. ஒரு காது திடீரென்று அடைத்து, கேட்பது குறைந்துபோனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். நாள் தள்ளினால் திரும்பப் பெறும் வாய்ப்பு குறையும். சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பங்குனி உத்திரத்துக்கு முன் வரும் இதழில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு இதைப் பற்றி ஒரு பக்கமாவது வெளியிட வேண்டுகிறேன். நகல் எடுத்து எங்கள் ஊர் விழாக் குழுவுக்கும் மைக் செட் கடைக்கும் நானே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.